கடல் எடுத்த மணலுக்கு அரசு நிதி கேட்பது: எங்கள் ஊர் அனுபவம்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் வரிசையாக இருக்கும் மீனவர் ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஃபைல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்களுக்குக் காற்றையும் மழையையும்விட அலைதான் பெரிய அடி. கரையோர வீடுகள் சில இடிந்தன, படகு ஏற்றி நிறுத்தும் மணல் கிட்டத்தட்ட முழுக்கப் போனது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மிச்சம் மீதியையும் கொண்டுபோனது. அந்த மணலை மீட்க அரசுப் பணம் கேட்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டிப்ளமோ சிவில் படித்தவன், அதனால் ஊர்ப் பஞ்சாயத்தார் காகித வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மற்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஆள் இல்லை.

புயல் முடிந்த வாரத்தில் வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் வந்து எழுதிக்கொண்டு போவது நிவாரணக் கணக்கு. வீடு, படகு, வலை, ஆடு மாடு எல்லாம் அதில் வரும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிமுறைப்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். ஆறு போக்கு மாறி நிலத்தை அடித்துக்கொண்டு போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கடல் எடுத்த கரைக்கு அப்படி ஒரு வரி கிடையாது. மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு எல்லாம் இருக்கின்றன, கடலரிப்பு தனியாக இல்லை. கேரளா அதைத் தன் மாநில அளவிலான பேரிடராக அறிவித்துக்கொண்டது. இங்கே நிவாரண வரிசையில் நின்று "எங்க மணலுக்கு என்ன சார்?" என்று கேட்டால் எதிரே நோட்டோடு நிற்பவரால் பதில் சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கும் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

மணலுக்குப் பணம் வரும் வாசல் வேறு, அதன் பெயர் தணிப்பு நிதி. மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக் குழு. அதில் 15வது குழு 2021–26க்கு மாநிலங்களுக்குக் கொடுத்த பேரிடர் நிதியை 80:20 என்று பிரித்தது. 80 பங்கு நிவாரணத்துக்கு, 20 பங்கு இனி வரப்போகும் சேதத்தைக் குறைக்கிற வேலைக்கு. அதற்கு மேல் தேசிய அளவிலான தணிப்பு நிதியில், அரிப்பைத் தடுக்கிற வேலைகளுக்கென்றே 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். அரிப்பால் வீடு நிலம் இழந்தவர்களை வேறு இடத்தில் குடியமர்த்தத் தனியாக 1,000 கோடி. பிரம்மபுத்திரா கரையிலிருந்து கேரளக் கடற்கரை வரைக்கும் நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை, ஆனாலும் அப்படி ஒரு தலைப்பு இருக்கிறது என்று மனுவில் எழுதியதுமே பேச்சு மாறியது. பணமே இல்லை என்று கைவிரிக்க முடியாது. எந்தத் தலைப்பில், யார் பரிந்துரையோடு, என்ன ஆதாரத்தோடு என்று பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

ஆதாரம் என்ற இடத்தில்தான் பெரும்பாலான ஊர்களின் மனு விழுகிறது. எங்களிடம் ஓர் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, புயலுக்கு முன்னால் உங்கள் கரை எத்தனை மீட்டர் அகலம் இருந்தது என்பதுதான். எங்கள் பெரியப்பா ஒருவர் கூட வந்திருந்தார். "மின்கம்பத்துக்கு அந்தாண்ட முப்பது பாகம் மணல் இருந்துச்சு சார், ஆறு படகு வரிசையா ஏத்துவோம்" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் முப்பது பாகம் என்று ஒரு பெரியவர் சொன்னதை ஃபைலில் எழுத முடியாது. அதிகாரியின் அடுத்த பதில் இன்னும் கஷ்டமானது: "வாடைக்காலத்துல மணல் போகும், மார்ச் ஏப்ரல்ல தானா வந்துடும்ங்க." இதுவும் பாதி உண்மை. வடகிழக்குப் பருவத்தில் எங்கள் கரை சுருங்கும், அப்புறம் காற்று தென்பக்கம் திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் போவதைவிடத் திரும்பி வருவது குறைவு என்பதுதான் எங்கள் வழக்கு, அதைக் காட்ட வேண்டுமானால் ஒரு வருஷத்து ஜனவரியை அடுத்த வருஷத்து ஜனவரியோடும், செப்டம்பரைச் செப்டம்பரோடும் ஒப்பிட வேண்டும். டிசம்பர் படத்தையும் ஆகஸ்ட் படத்தையும் பக்கத்தில் வைத்து "பாருங்க எவ்வளவு போச்சு" என்று காட்டும் மனுவை விஷயம் தெரிந்த பொறியாளர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார், அது நியாயமும்கூட.

பழைய ஆதாரத்தை எங்கிருந்து எடுப்பது? கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைத் தேதியோடு பார்க்கலாம், செலவு இல்லை. 2015க்குப் பிறகு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம், ஆனால் அதில் ஒரு புள்ளி பத்து மீட்டர் என்பதால் பெரிய மாற்றம்தான் தெரியும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரைக்குமான கரை மாற்றத்தை வரைபடமாகப் போட்டிருக்கிறது. இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதமும், தமிழ்நாட்டில் சுமார் 43 சதவீதமும் அரிப்பில் இருக்கிறது என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். மனுவின் முதல் பக்கத்தில் அந்த வரைபடத்தில் நம் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று சேர்த்துவிட்டால், நாம் சொல்வதை அரசின் ஆய்வே சொல்கிறது என்று ஆகிவிடுகிறது.

ஆனால் எங்களுக்கு அதைவிட அதிகம் கைகொடுத்தது மாசி மக வீடியோக்கள். தீர்த்தவாரி ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே பருவத்தில் நடக்கிறது. பந்தல் எப்போதும் கோயில் வாசலுக்கு நேராகத்தான் போடுவார்கள். சாமியைப் பந்தலிலிருந்து தண்ணீர் வரை தூக்கிக்கொண்டு போகும் தூரம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது வீடியோவில் அப்படியே பதிவாகியிருந்தது. பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர் பழைய சிடிகளைத் தேடிக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் பந்தலுக்கும் அலைக்கும் நடுவில் ராட்டினமும் பலூன் கடைகளும் நிற்கின்றன. கடைசியாகக் கிடைத்ததில் அலை பந்தல் காலைத் தொடுகிறது, பெண்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறார்கள். அந்தப் படங்களைத் தேதி போட்டு, நகராத பொருள்களான கோயில் கோபுரம், மின்கம்பம், பழைய கிணறு மூன்றையும் குறித்து, ஒரே தாளில் வரிசையாக அடித்து லேமினேட் செய்தோம். மத்தியக் குழு, அமைச்சர், ஆட்சியர் யார் வந்தாலும் ஒரு ஊரில் நிற்பது சில நிமிஷம்தான். அந்த நேரத்தில் முப்பது பக்க மனுவை யாரும் புரட்ட மாட்டார்கள், ஒரு பெரிய தாளை எல்லோரும் பார்ப்பார்கள்.

இது பழசுக்கு. இனி வரப்போகிற புயலுக்கு இன்றைக்கே அளக்கத் தொடங்க வேண்டும். இதற்கு டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவி, டிரோன் எதுவும் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு சவுக்குக் கழி, இரண்டிலும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, நடுவில் இரண்டு மீட்டர் கயிறு. மின்கம்பத்தடியில் தொடங்கி ஒரு கழியைக் கரைப்பக்கமும் இன்னொன்றைக் கடல்பக்கமும் நேராக நிறுத்த வேண்டும். கரைப்பக்கக் கழிக்குப் பின்னால் நிற்பவர், கடல்பக்கக் கழியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை இறக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை தன் கழியில் எந்த இடத்தைத் தொடுகிறதோ, உச்சியிலிருந்து அதுவரைக்கும் உள்ள அளவுதான் அந்த இரண்டு மீட்டரில் மணல் இறங்கிய ஆழம். எழுதிக்கொண்டு அடுத்த இரண்டு மீட்டர். இப்படியே முழங்கால் தண்ணீர் வரை போனால் கரையின் குறுக்குவெட்டு கையில் வந்துவிடும். எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள், பெரியவர்களைவிட ஒழுங்காக. எப்போதும் அதே கம்பத்திலிருந்து, அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டித் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அளப்பது என்று வைத்துக்கொண்டோம். ஃபெஞ்சலுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு எங்களிடம் இருந்தது. அந்தக் கோடுபோட்ட நோட்டின் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு ஒரு பேராசிரியர் "இதை யார் எடுத்தது?" என்று கேட்டது எனக்கு மறக்காது, ஆய்வுக் குழுவை எங்கள் ஊருக்குக் கூட்டிவரச் சம்மதித்தவரும் அவர்தான்.

சரி, அப்புறம் என்ன கேட்பது என்பதில் ஊருக்குள்ளேயே பெரிய சண்டை. பாதிப் பேருக்குக் கல் வேண்டும். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு போடுங்கள், இல்லாவிட்டால் கல் சுவராவது கொட்டுங்கள் என்றார்கள். வீட்டுச் சுவரை அலை தொடும்போது கல் கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நாங்கள் இந்த நிலைக்கு வந்ததே எங்களுக்குத் தெற்கே போட்ட கல்லால்தான். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியபின் மணல் அதன் தெற்கே தேங்கியது, வடக்கே நகரக் கடற்கரை காணாமல் போனது. அங்கே பாறை கொட்டினார்கள். பாறை முடியும் இடத்திலிருந்து அரிப்பு அடுத்த ஊருக்குப் போனது. அங்கேயும் பாறை. அப்படியே குப்பம் குப்பமாக வடக்கே ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தது. நாமும் கல் போட்டால் அது அடுத்த ஊருக்குப் போகும், அங்கே என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

இந்த விவாதத்தை முடிக்க ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே போய் நின்றோம். அங்கே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து, புவி அறிவியல் அமைச்சகத்தின் திட்டமாக, ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுக் கட்டமைப்பைக் கடலுக்குள் அமிழ்த்தி, மணலையும் கொட்டினார்கள். பாறை மட்டுமே இருந்த இடத்தில் 2018, 2019 வாக்கில் மணல் திரும்பி வந்தது. குழந்தைகள் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா இறங்கிப்போய் மணலைக் காலால் கிளறிப் பார்த்தார். "நான் பொடியனா இருக்கும்போது இங்க வலை இழுத்திருக்கேன்" என்றார். அதற்கப்புறம் கூட்டத்தில் கல் பேச்சு குறைந்தது. அந்த ஏற்பாடு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அலை, ஆழம், மணல் அளவு ஊருக்கு ஊர் மாறும், ஒரு ஊரில் கரை சேர்வது பக்கத்து ஊரில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆனால் மணலை மீட்கப் பணம் கேட்கலாம், அரசு அதற்குச் செலவு செய்திருக்கிறது என்பதற்குக் கண்முன் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது.

நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் தூண்டில் வளைவு, கல் சுவர் போன்றவற்றைக் கட்டக் கூடாது என்று 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தமிழ்நாட்டுக்குச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அரிப்புத் தடுப்பு வேலையை முழுக்கத் தடை செய்யவில்லை, ஆனால் அனுமதி வாங்கியாக வேண்டும். அதற்கு 1:4000 அளவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் போட்ட வரைபடம் வேண்டும், அதில் உயர் அலைக் கோடும் தாழ் அலைக் கோடும் இருக்க வேண்டும், மாவட்டக் கடலோர மண்டல ஆணையம் பார்த்து மாநில ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். நிதி முதலில் வரட்டும், அனுமதி பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பணம் ஒதுக்கியும் செலவாகாமல் நிதியாண்டு முடிந்துவிடும். இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்ட வேண்டும்.

அடுத்தது அளவு. "மணல் கொட்டுங்கள்" என்று கேட்டால் நாலு டிப்பர் மணலைக் கொட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும் அபாயம் இருக்கிறது. அதனால் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். கரையை 20 மீட்டர் அகலப்படுத்துவது என்றால் கண்ணுக்குத் தெரியும் 20 மீட்டரை மட்டும் நிரப்பினால் நிற்காது, தண்ணீருக்குள் இருக்கும் சரிவும் அதே அளவு கடலுக்குள் நகர வேண்டும். மேலே ஒன்றரை மீட்டர், அடியில் நாலரை மீட்டர் ஆழம் வரை என்று வைத்தால் மொத்த உயரம் 6 மீட்டர். 600 மீட்டர் நீளக் கரைக்கு 600 பெருக்கல் 20 பெருக்கல் 6, அதாவது 72,000 கன மீட்டர். மூன்றரை யூனிட் பிடிக்கும் டிப்பரில் ஏறக்குறைய 10 கன மீட்டர் போகும், ஆக 7,200 லோடு. இந்த ஒரு எண்ணை ஊர்க் கூட்டத்தில் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இது லாரியில் முடிகிற வேலை இல்லை, தூர்வாரும் கப்பல் வைத்துக் குழாயில் தள்ள வேண்டும் என்று. இது கைக்கணக்குதான், உண்மையான ஆழத்தை ஆய்வுக் குழு அளந்து சொல்லும். ஆனால் எஸ்டிமேட் வரும்போது அது எந்த அளவில் இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் நம்மால் கேள்வி கேட்க முடியும்.

மணலின் பருமனும் அப்படித்தான். முகத்துவாரத்தில் வாரும் மண்ணில் சேறும் பொடி மணலும் அதிகம், அதை அலை சீக்கிரம் கரைத்துக்கொண்டு போய்விடும். நம் கரை மணலுக்குச் சமமாகவோ சற்றுக் கரடாகவோ இருக்க வேண்டும் என்று விரிவான திட்ட அறிக்கையிலேயே எழுத வைக்க வேண்டும். கரையில் மூன்று இடத்தில் மணல் எடுத்து ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சல்லடைச் சோதனை செய்து அந்தத் தாளையும் இணைத்தோம்.

இந்த திட்ட அறிக்கை என்கிற டி.பி.ஆர். இல்லாமல் பெரிய நிதி எதுவும் அசையாது, டி.பி.ஆர். தயாரிக்கவே பணம் வேண்டும், அந்தப் பணத்தைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. நான் எல்லோருக்கும் சொல்வது, முதல் மனுவில் மணலைக் கேட்காதீர்கள், ஆய்வுக்கு நிதி கேளுங்கள். தொகை சின்னது, துறைக்குள்ளேயே முடியும், மறுக்கவும் காரணம் குறைவு. எங்களுக்கு அப்படித்தான் கதவு திறந்தது. ஆய்வு நடந்தபின் எங்கள் ஊர் ஒரு பெயராக இல்லாமல் ஒரு திட்டமாக ஃபைலில் உட்கார்ந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, பருவநிலை மாற்றத் தகவமைப்புக்கான தேசிய நிதியிலிருந்து பணம் வந்து செயற்கைத் திட்டுகள் இறக்கினார்களே, அங்கேயும் தீவின் பரப்பு எப்படிச் சுருங்கி வந்தது என்று பல வருஷக் கணக்கு ஆராய்ச்சியாளர்களிடம் இருந்தது. உலக வங்கி உதவியோடு 14 கடலோர மாவட்டங்களுக்காகத் தொடங்கிய நெய்தல் மீட்சி இயக்கம், இப்போது டிஎன்-ஷோர் என்கிறார்கள், அதிலும் மணல்மேடு, அலையாத்தி, கடற்புல் என்று இயற்கையை ஒட்டிய வேலைக்குத்தான் இடம். கல்லைக் கேட்டுக்கொண்டு அங்கே போவதில் பயன் இல்லை.

மனு போகும் பாதையைச் சொல்கிறேன். முதலில் கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். வாடைக்காலப் புயலுக்குப் பின் முதலில் வருவது ஜனவரி 26, அதை விடக் கூடாது. தீர்மானத்தில் "கடல் ஊரை விழுங்குகிறது, அரசு ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது புலம்பலாகவே நின்றுவிடும். புல எண், பாதிக்கப்பட்ட கரையின் நீளம், வீடுகளின் எண்ணிக்கை, படகுகள், கருவாடு காயவைக்கும் களம், உப்பேறிய கிணறுகள், கடலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு உள்ள தூரம், எந்த நிதித் தலைப்பில் கேட்கிறோம், எல்லாம் தீர்மானத்துக்குள்ளேயே வர வேண்டும். சாலைக்கு உள்ள தூரத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். குப்பத்து வீடு இடிவதற்கு அசையாத மேசைகூட நெடுஞ்சாலைக்கு ஆபத்து என்றால் அசையும், இது எனக்கு வருத்தம்தான், ஆனால் பயன்படும்.

அப்புறம் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து எண் வாங்க வேண்டும். ஆட்சியர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். அங்கிருந்து பரிந்துரையோடு மாநிலத்துக்குப் போய், தலைமைச் செயலர் தலைமையிலான மாநில நிர்வாகக் குழு முன்னால் வர வேண்டும். மீன்வளத் துறையோ நீர்வளத் துறையோ, வேலையைச் செய்யப் போகும் துறை எது என்பது மனுவிலேயே தெளிவாக இல்லாவிட்டால் ஃபைல் இரண்டுக்கும் நடுவில் தங்கிவிடும். எங்களுடையது ஓர் இடத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "இன்ன எண்ணுள்ள மனு இன்றைக்கு எந்த மேசையில் இருக்கிறது, கடைசியாக எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்" என்று மட்டும் கேட்டோம். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். குற்றச்சாட்டு, ஆவேசம் எதுவும் அதில் எழுதவில்லை. பதில் வருவதற்கு முன்பே ஃபைல் நகர்ந்துவிட்டது.

எங்கள் கரையின் பெரிய சிக்கல் எல்லை. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. அதற்கு வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. மணல் தேங்கிக் கிடப்பது ஒரு அரசின் எல்லைக்குள், மணல் இல்லாமல் தவிப்பது பல இடங்களில் இன்னொரு அரசின் எல்லைக்குள். துறைமுக வாயில் வாரும் மணலை வடக்கே கொண்டுவந்து கொட்டினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று மீனவர்கள் ரொம்ப காலமாகச் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு அரசும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் செய்ய முடிந்தது, எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள ஊர்ப் பஞ்சாயத்தார்களை உட்காரவைத்து ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டதுதான். சுலபமாக நடக்கவில்லை. வலைத் தகராறு, பழைய வழக்கு எல்லாம் வந்து போயின. ஆனால் ஒரு ஊர் தனக்கு மட்டும் கேட்டால் பக்கத்து ஊர் ஆட்சேபணை மனு போடும், அந்த ஒரு தாள் போதும் வேலையை நிறுத்த. சேர்ந்து கேட்டபோது ஆட்சேபிக்க ஆள் இல்லை. ஆய்வுக் குழுவுக்கும் இதுதான் சரி, ஏனென்றால் மணல் ஓட்டம் ஒரு பெரிய துண்டாகத்தான் கணக்கிடப்படுகிறது, ஒரு ஊருக்கு மட்டும் கணக்குப் போட முடியாது.

இதுவரை வந்தது இவ்வளவு: ஆய்வு நிதி முழுதாக, தணிப்புத் தலைப்பில் கேட்டதில் ஒரு பகுதி, மணல்மேட்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்கள். பெரிய அளவில் மணல் தள்ளும் வேலை வரிசையில் இருக்கிறது. மணல்மேட்டு வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். பனை ஓலைத் தட்டியைக் குறுக்கும் நெடுக்குமாக நட்டால் காற்றில் ஓடும் மணல் அதில் தங்கும், ஐப்பசி மழையில் மணலில் படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசை என்கிற புல்லும் வைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். சவுக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நாங்கள் வேண்டாம் என்றோம். அலை வந்து அடியைப் பறித்தால் சவுக்கு சாய்ந்து விழுகிறது, கொடி அப்படியே மணலோடு இறங்கிப் படுத்துக்கொண்டு மறுபடி தழைக்கிறது. ஃபெஞ்சலில் கொடி பிடித்திருந்த இடத்திலும் வெறும் மணல் இருந்த இடத்திலும் கழி வைத்து அளந்தபோது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

வேலைக்கு நேரம் குறிப்பதில் ஒன்றை ஒப்பந்தக்காரர் முடிவு செய்ய விடாதீர்கள். வாடை முடிந்ததும் தை மாசியிலேயே மணல் கொட்டலாம் என்பார்கள், ஆனால் அதுதான் பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிடும் காலம், ஏப்ரல் வரை நீளும், வனத்துறை நிறுத்திவிடும், நிறுத்தவும் வேண்டும். அக்டோபருக்கு மேல் கொட்டினால் அந்த வருஷத்து வாடையே கொண்டுபோய்விடும். மே முதல் செப்டம்பர் வரைதான் இடைவெளி. அதற்குள் வேலை உத்தரவு வர வேண்டுமானால் டெண்டர் எப்போது முடிய வேண்டும், அனுமதி எப்போது கையில் இருக்க வேண்டும் என்று பின்னோக்கி எண்ணி ஒரு தாளில் எழுதி, அதையும் துறைக்குக் கொடுத்திருக்கிறோம். பராமரிப்புக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தொகையும், வருஷத்துக்கு இரண்டு முறை கரை அளக்கும் செலவும் எஸ்டிமேட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மணல் கொட்டிய கரை வருஷா வருஷம் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், இரண்டாம் வருஷம் யாராவது வந்து பார்த்து அரசுப் பணம் கடலில் போய்விட்டது என்று எழுதுவார்கள், அதற்கப்புறம் இந்தக் கரையில் எந்த ஊருக்கும் பணம் கிடைக்காது.

15வது நிதிக் குழுவின் காலம் 2026 மார்ச் வரைதான், 2026 ஏப்ரலிலிருந்து 16வது குழுவின் ஐந்து வருஷம். தலைப்புகளும் தொகைகளும் மாறும், அதனால் நான் மேலே சொன்ன எண்களை மனுவில் போடும் முன் புதிய விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால் மாசி மக வீடியோவையும் இரண்டு கழியையும் இந்த மாதமே தேடிப்பிடியுங்கள், செப்டம்பர் அளவு கட்டாயம் கையில் இருக்கட்டும். கழியில் கோடு போடுவது, நோட்டில் கட்டம் போடுவது இதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், எங்கள் பிள்ளைகள் எழுதிய பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.